சிவப்புப் பக்கம், நீலப் பக்கம்

அந்தக் கடையின் இரண்டாம் மாடியில் அவளுடைய வேலை, நிற்பது. காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெரிய டிவியின் கீழே நிற்க வேண்டும். வருகிறவர்களிடம் எச்.டி. டிவிடி என்ற வட்டுதான் எதிர்காலம் என்று சொல்ல வேண்டும். எட்டடி தள்ளி, அதே அளவுள்ள இன்னொரு டிவியின் கீழே, நீலச் சட்டை போட்ட ஒருவன் நின்றுகொண்டு ப்ளூ-ரே என்ற வட்டுதான் எதிர்காலம் என்று சொல்வான். கடையில் அவளுக்குப் பெயர் செவப்பக்கா. அவனுக்குப் பெயர் நீலம். இரண்டு சட்டைக்கும் சம்பளம் போட்டது கடைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரே ஏஜென்சி.

இந்தச் சண்டை அவர்கள் தொடங்கியதல்ல. பெரிய பெரிய மின்னணுக் கம்பெனிகள் இரண்டு அணியாகப் பிரிந்து, வீட்டில் மிகத் தெளிவாகப் படம் பார்க்க ஆளுக்கொரு வட்டைக் கொண்டுவந்தன. இரண்டும் ஒரே அளவு. ஆனால் ஒன்றின் பிளேயரில் மற்றது ஓடாது. ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம். உட்கார்ந்தார்கள், பேசினார்கள், எழுந்து போனார்கள். எது நிற்கும், எது விழும் என்று பந்தயம் வைக்கிற வேலையை வாங்குகிறவன் தலையில் கட்டினார்கள். தப்பாக வாங்கினவன் பாடு அவன் பாடு.

அவள் இதற்கு முன் ஒன்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தவள். அங்கே பேச்சுக்கு மரியாதை இல்லை; எழுத்து தெரிகிறதா, இல்லையா, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தாள்.

"நான் சொல்றத நம்பாதீங்க சார். இங்க நில்லுங்க. படத்துல வர்ற அந்த மீனவர் முகத்துல இருக்கற சுருக்கத்தப் பாருங்க. இப்ப அந்தப் பக்கம் போய் அதே சுருக்கத்தப் பாருங்க. உங்க கண்ணு என்ன சொல்லுதோ அத வாங்குங்க."

போய்ப் பார்ப்பார்கள். திரும்பி வருவார்கள். "ஆமாம்மா, இதுலதான் உயிர் இருக்கு" என்பார்கள். சிலர் வரமாட்டார்கள், நீலத்திடமே நின்றுவிடுவார்கள். "போங்க போங்க, தண்ணி கலந்த பால் மாதிரி இருக்கும், குடிச்சுட்டுப் போங்க" என்று அவள் இங்கிருந்தே குரல் கொடுப்பாள். "அக்கா, உங்க வட்டுல மீனவர் ஒரு வாரமா தூங்கலக்கா, கண்ணுல அவ்ளோ செவப்பு" என்பான் அவன். மதியம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இந்தப் போட்டி நியாயமாக நடக்க வேண்டும் என்று மேனேஜர் ஒரு விதி வைத்திருந்தார். முன்பு இருந்த ஆட்கள் எதிர்ப்பக்கப் படத்தை அசிங்கமான இடமாகப் பார்த்து நிறுத்திவைத்துச் சிரித்தார்களாம். அதனால் இரண்டு பிளேயர்களும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டன. கடை திறக்கும் முன் மேனேஜர் தன் கையால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவார். அதன் பிறகுதான் டிவிகளைப் போடுவார். இரண்டு அணியும் ஒப்புக்கொண்ட அதே பத்து நிமிடக் காட்சி நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடும். கடை மூடும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. நடுநிலை!

அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு பெரிய படக் கம்பெனி இரண்டு பக்கமும் கால் வைத்திருந்ததை விட்டு நீலத்தின் பக்கம் போயிருந்தது. "ஒண்ணு போனா என்ன" என்று அவள் சொல்லிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு புதன்கிழமை, கடைக்குள் நுழைந்ததும் நீலம் செய்தித்தாளை நீட்டினான். வழக்கமான கிண்டல் அவன் முகத்தில் இல்லை.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்க ஆளுங்க கையக் கழுவிட்டாங்க."

படித்தாள். எச்.டி. டிவிடியைக் கொண்டுவந்த கம்பெனியே இனிப் பிளேயர் செய்யப்போவதில்லை என்று அறிவித்திருந்தது. புதுப் படங்களும் அந்த வட்டில் வரப்போவதில்லை. நேற்று மாலை அவள் ஒருவருக்கு ஒன்று விற்றிருந்தாள். வீட்டில் பெட்டியைப் பிரிக்கும்போதே அந்த மனிதர் கையில் இருந்தது பழம்பொருள்.

மேனேஜர் மாடிக்கு வந்தார். "பாத்தாச்சா? சரி. சேதி எல்லாருக்கும் போகறதுக்குள்ள மிச்சம் இருக்கற செவப்பு எல்லாம் போயிடணும். தள்ளுபடி போர்டு மாட்டறோம். நீங்க எதுவும் சொல்லவேண்டாம். எப்பவும் போல மீனவரக் காட்டுங்க."

"சார், செத்துப்போனத எப்படி சார்..."

"யாரும்மா செத்தாங்க? பிளேயர் ஓடுதில்ல? ஓடறத விக்கறோம். அவ்ளோதான்."

பதினொரு மணிக்கு ஒரு நர்ஸ் வந்தார். மூன்று வாரமாக டியூட்டி முடிந்து வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். இன்று தள்ளுபடிப் பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அக்கா, முடிவு பண்ணிட்டேன். செவப்புதான். வீட்ல அவருக்குக் கால்ல ஆபரேஷன், மூணு மாசம் படுக்கை. படமாவது நல்லாப் பாக்கட்டும். நீங்க சொன்னது சரி, வித்தியாசம் நல்லாத் தெரியுது."

வேண்டாம் என்று சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் பணம் போகும். என்ன சொல்வது என்று தெரியாமல், சொல்லாமலே காட்சியை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. படம் ஓடாவிட்டால் விற்க முடியாது, அவ்வளவுதானே? அலமாரிக்குப் பின்னால் குனிந்தாள். சிவப்புப் பட்டை ஒட்டிய பிளேயரின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

எதிர்ப்பக்கம் நீலத்தின் டிவியில் படம் அணைந்தது.

"ஏய் அக்கா! என் படத்த எதுக்கு நிறுத்துறீங்க? ஜெயிச்சதுக்கு இதான் பரிசா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் தலைக்கு மேலே மீனவர் சிரித்துக்கொண்டே இருந்தார். சுருக்கம், உயிர் எல்லாம் அப்படியே. கையில் கம்பி. மறுபடி குனிந்து பட்டையைப் பார்த்தாள். சிவப்பு. கம்பியைச் செருகினாள்; மேனேஜர் காலையில் ஓடவிட்டது நின்றுபோனதால் அந்த டிவியில் படம் திரும்ப வரவில்லை. பக்கத்தில் இருந்த நீலப் பட்டைக் கம்பியைப் பிடுங்கினாள். அவளுடைய மீனவர் மறைந்தார்.

நீலம் எட்டடியைக் கடந்து வந்தான். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன் அந்தச் சுவருக்குப் புதுப் பலகை அடித்திருந்தார்கள். அப்போது எலக்ட்ரீஷியன், பிளேயரிலிருந்து டிவிக்குப் போகும் இரண்டு கறுப்புக் கேபிள்களை ஒரே குழாய் வழியாக இழுத்தார். இடது வலதாயிற்று, வலது இடதாயிற்று. யாரும் தொடக் கூடாது என்ற விதி அந்தத் தப்பை ஐந்து மாதம் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது.

"அப்போ..." என்றான் நீலம். "அந்தத் தூக்கம் இல்லாத கண்ணு என்னோடதா? அஞ்சு மாசமா நான் உங்களுக்கா உழைச்சேன்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக் கடையில் ஒரு தந்திரம் உண்டு. ஒரே வில்லையை எடுத்துவிட்டு அதையே மறுபடி வைத்து "இது நல்லாருக்கா, முன்ன வச்சது நல்லாருக்கா?" என்று கேட்பார்கள். பத்தில் எட்டுப் பேர் "இதுதான் நல்லாருக்கு" என்பார்கள். ஒன்பது வருடம் மற்றவர்களுக்கு அதைச் செய்துவிட்டு, தனக்கு ஒருநாளும் செய்து பார்க்கவில்லை. தன் கண்ணில்தான் அவள் எத்தனை கர்வமாக இருந்தாள்! கண் பார்க்கவே இல்லை. சட்டையின் நிறம் சொன்னதைத்தான் பார்த்தது.

நர்ஸ் மெல்லக் கேட்டார்: "அக்கா, அப்ப நான் பாத்த வித்தியாசம்?"

"எதையும் வாங்காம வீட்டுக்குப் போங்கம்மா. இது நேத்தே முடிஞ்சுபோச்சு" என்று செய்தித்தாளை அவர் கையில் கொடுத்தாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்காரர், லாரி மெக்கானிக், கிரீஸ் கையைத் துடைத்தபடி முழுக் கதையையும் கேட்டார். நம் வீட்டு டிவியில் ஒரு ஓரம் பச்சையாகத்தான் தெரிகிறது, அதற்கு யாராவது பச்சைச் சட்டை கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் கடையின் பில் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, காட்டிய பொருளும் கொடுத்த பொருளும் வேறாக இருந்தால் மட்டும் பெறப்படும்.

"கம்பெனி கைவிட்டதுக்கு யாரும் பொறுப்பில்லையாம். ஆனா இது இருக்கு. அந்த அஞ்சு மாசத்துல நான் வித்தது முப்பத்தேழு. எல்லாருக்கும் நீலத்தக் காட்டி செவப்பக் கொடுத்திருக்கேன்."

"அதுக்கு முந்தி வாங்கினவங்க?"

அவர்களுக்குக் காட்டியது சரியான பொருள். அதனால் அவர்களுக்கு நியாயம் கிடையாது. சட்டத்தின் அழகு அப்படி.

மறுநாள் அவள் அந்தப் பில்லை நீட்டியதும், மேனேஜர் தலைமை அலுவலகத்தோடு வெகுநேரம் பேசிவிட்டு அவள் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். "எழுதிக் கொடுத்தாத்தான் திருப்பி எடுப்பாங்களாம். எழுதுங்க. அஞ்சு மாசம் தப்பான படத்தக் காட்டினேன், எனக்கே வித்தியாசம் தெரியலன்னு. உங்க பேர்ல. அப்புறம் படத்தக் காட்டி விக்கற வேலை எவன் தருவான்னு யோசிச்சுட்டு எழுதுங்க."

"கேபிள நானா சார் இழுத்தேன்?"

"தினம் பிளேயர ஓடவிட்டது மேனேஜர்னு எழுதுவீங்களா? அப்படின்னா வெளில போங்க."

எழுதினாள். தன்னைப் பற்றி மட்டும், உண்மையை மட்டும். எலக்ட்ரீஷியன் பெயரைக்கூட இழுக்கவில்லை. பிறகு உத்தரவாத அட்டைகளைப் பார்த்து முப்பத்தேழு பேருக்கும் போன் செய்தாள்.

சனிக்கிழமை காலை மாடிப்படி முழுக்கப் பெட்டிகள். திட்டினவர்கள் உண்டு, கையைப் பிடித்தவர்கள் உண்டு. வரிசையின் முன்னால் ஒருவர் மட்டும் பெட்டி இல்லாமல் வந்திருந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர். நிலம் அளப்பதில் நாற்பது வருட அனுபவம்.

"போன்ல என்னம்மா உளறினீங்க?" என்றார். "வித்தியாசம் இல்லையா? ரெண்டு பக்கமும் ஒருமணி நேரம் நின்னு பாத்தேன். வீட்லயும் தினம் பாக்கறேன். செவப்புதான் ஒசத்தி. என் கண்ணு பொய் சொல்லாது."

மேனேஜருக்கு முகம் ஒளிர்ந்தது. வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கேட்டீங்களா? வாங்கினவரே சொல்றார், பாத்ததத்தான் வாங்கினேன்னு. அப்ப இந்தம்மா கடுதாசி பொய். எந்த ஆதாரத்துல நான் திருப்பி எடுக்கறது?"

வரிசை அதிர்ந்துபோனது. தங்களுக்குக் குழி தோண்டியவர் தங்களைப் போலவே ஏமாந்த ஒருவர் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை.

அவள் ஒரு பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு டிவிக்குக் கீழே இருந்த சிவப்பு, நீலப் பலகைகளை மூடினாள். "சார், நீங்க அளக்கறவர். இதையும் அளந்துடுங்க. தம்பி, நீ பின்னால போ. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கேபிளையும் கழட்டு. காசச் சுண்டு. தலை விழுந்தா மாத்திக் குத்து, பூ விழுந்தா அப்படியே குத்து. எங்கிட்டயும் சொல்லாத, எழுதி வச்சுக்க. சார், எந்த டிவில செவப்புன்னு நீங்க சொல்லுங்க."

"கடையில வேலை நடக்கணும்" என்றார் மேனேஜர்.

"நடக்கட்டும் சார், நாங்க நிக்கறோம்" என்றது வரிசை.

ஜெயித்த கட்சிக்காரன் நீலம். ஒதுங்கி நின்றிருந்தால் அவனுக்கு ஒன்றும் குறையாது. ஆனால் அலமாரிக்குப் பின்னால் போனான்.

சர்வேயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்துக் கோடு கிழித்தார். "இடது" என்றார். குறித்தார். படம் மறைந்து வந்தது. "இடது." அடுத்தது, நெடுநேரம் பார்த்து, "வலது." பத்து முறை. நீலம் தன் சீட்டைக் கொண்டுவந்தான். இரண்டையும் அவரே ஒத்துப் பார்த்தார். நாலு சரி, ஆறு தப்பு.

"இன்னொரு பத்து" என்றார். குரல் இறங்கியிருந்தது.

இரண்டாவது பத்தில் ஆறு சரி, நாலு தப்பு. மொத்தம் இருபதுக்குப் பத்து. காசையே கேட்டிருந்தாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருக்கும்.

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வேயர் அவரைப் பார்க்காமல் அவளுடைய கடிதத்தைக் கேட்டு வாங்கினார். அதன் கீழே, 'நானும் சோதித்தேன், எனக்கும் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, தேதி போட்டார். வரிசையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட்டார்கள். மேனேஜர் முதல் பெட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். வேறு வழியில்லை. அவளைப் பார்த்து, "திங்கக்கிழமையிலேருந்து வரவேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்ததுதான்.

"உங்க பெட்டியையும் கொண்டாங்க சார்" என்றாள் சர்வேயரிடம்.

அவர் காதில் விழவில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஏம்மா, கருவி வச்சுத்தான் அளப்போம். ஆனா கடைசிக் கோட்டக் கண்ணாலதான் படிப்போம். பக்கத்துல நிலத்துக்காரர் நிப்பார். சில நாள் அவர் யாருன்னு முன்னாடியே தெரியும்." நோட்டை மூடினார். "அத வச்சுத்தான் ரெண்டு பேருக்கு நடுவுல எல்லைக் கல்லு நட்டேன். நாப்பது வருஷம்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தாள். பிறகு அடுத்த பெட்டியை வாங்கத் திரும்பினாள்.