சம்பந்தி வீட்டுக்குச் சொந்த ஊர் எது?

பொள்ளாச்சி அச்சகத்துக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் முதல் ப்ரூஃபில் பெண் வீட்டார் பக்கம் நிரம்பி வழிந்தது. தாத்தா, பாட்டி, அவரவர் ஊர், தோட்டத்தின் பெயர் என்று ஒன்று விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் பெயர்கள் இருந்தன. பெயருக்கு முன்னால் வெறும் கோடு. கூடவே குரல் செய்தி: "மேடம், மாப்பிள்ளை வீட்டு ஊர் காலியா இருக்குதுங்க. அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா பிரிண்ட்டுக்குப் போயிரலாமுங்க."

என் கணவர் தோசைக்காகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நியூ ஜெர்சின்னு போட்டுடு, வேலை முடிஞ்சுது," என்றார். இருபத்தெட்டு வருஷமாக டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் இருக்கிற மனிதர். அவர் பெயருக்கு முன்னால் ரிச்சர்ட்சன் என்று போட்டால் சும்மா இருப்பாரா? உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தின் பெயரை இரண்டு தடவை திருத்தி அனுப்பியவர் அவர்தான். அதைச் சொன்னேன். தட்டை நீட்டித் தோசையை வாங்கிக்கொண்டார்.

என் மகள் சான் ஹோசேயில் வேலை செய்கிறாள். பையன் அவளுடன் வேலை பார்ப்பவன், நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவன். "ஜஸ்ட் லீவ் இட் பிளாங்க், மா. நோபடி கேர்ஸ்," என்றாள்.

"கேர் பண்றவங்க எல்லாரும் பொள்ளாச்சில இருக்காங்க கண்ணு," என்றேன்.

கல்யாணம் பொள்ளாச்சியில், தை மாதம். மண்டபம், சமையல், பத்திரிகை வைப்பது எல்லாம் என் அண்ணன் பொறுப்பு. அவர் என் மகளுக்குத் தாய்மாமன். வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டியதும் எங்கள் சனம் கேட்கும் முதல் கேள்வி, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்பதுதான். அண்ணன் போனில் நேராகவே சொல்லிவிட்டார்: "ஏனம்மிணி, ஊர் பேர் தெரியாத எடத்துல பொண்ணக் குடுக்கறயா? வெள்ளைக்காரன்னா இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்கோணுமல்லோ? அது தெரியாம நான் ஒரு வாசப்படி ஏற மாட்டேன்."

அண்ணன் படியேறாவிட்டால் உறவில் ஒருவரும் வர மாட்டார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் என் மகள் மணவறையில் உட்காருவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சரி, ஊர்தானே வேண்டும், வாங்கிவிடுகிறேன் என்று இறங்கினேன்.

அவசரத்தில் ஒரு தப்புச் செய்தேன். இந்தியா விசாவுக்காக மாப்பிள்ளை தன் அப்பாவின் பிறப்புச் சான்றிதழை எனக்கு அனுப்பியிருந்தான். அதில் கிரீஸ் நாட்டின் லாரிசா என்று இருந்தது. அப்பாடா என்று, லாரிசா, கிரீஸ் என்றே போடும்படி அச்சகத்துக்குச் சொல்லி, வந்த ப்ரூஃபைச் சம்பந்தி வீட்டுக்கும் அனுப்பினேன். பெருமையாகத்தான் அனுப்பினேன்.

மறுநாள் பையனின் அப்பாவே கூப்பிட்டார். அவர் போனில் பேசுகிறவரே அல்ல. எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"அதை எடுத்துடுங்க, ப்ளீஸ்."

"ஏன், எழுத்துப் பிழையா?"

"இல்ல. அது என் ஊர் இல்ல."

"உங்க பர்த் சர்டிபிகேட்ல இருக்கே?"

"இருக்கு. ஆனாலும் என் ஊர் இல்ல. நீங்க ஊரே போடாதீங்க. அதுதான் நல்லது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண் கொடுக்கிறவளிடம் ஊரைச் சொல்லாமல் மறைக்க அப்படி என்ன இருக்கிறது? அண்ணனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன். "பாத்தயா? ஊரைச் சொல்ல மாட்டேங்கறவங்கிட்ட என்னமோ வில்லங்கம் இருக்குது," என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம் வந்துவிட்டது. ஆனால் என் மகள் அந்தப் பையனை விடப்போவதில்லை, நான் அண்ணனை விடப்போவதில்லை. வெள்ளிக்கிழமை லீவ் போட்டு நியூ ஜெர்சி நெவார்க்குக்கு டிக்கெட் எடுத்தேன். "இதுக்குப் போய் ஃப்ளைட்டா?" என்றார் கணவர். "இதுக்குத்தாங்க," என்றேன்.

போவதற்கு முன் மகளைக் குடைந்ததில், பையன் வீட்டார் அரோமானியர்கள் என்று ஒரு வழியாகச் சொன்னாள். இத்தனை மாதமாக என்னிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "யூ நெவர் ஆஸ்க்ட்," என்றாள். உட்கார்ந்து படித்தேன். லத்தீனிலிருந்து வந்த பேச்சு. ருமேனிய மொழிக்குத் தங்கச்சி மாதிரி. கிரீஸ், அல்பேனியா, வட மாசிடோனியா, பல்கேரியா, ருமேனியா என்று தெற்கு பால்கன் முழுக்க இருக்கிறார்கள். நான் மொழிக்கு ஒரு மாநிலம் என்று வளர்ந்தவள் அல்லவா? ஆபீஸ் பிரிண்டரில் வரைபடம் எடுத்து, படித்த இடங்களையெல்லாம் சேர்த்துச் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக வளைத்துப் போட்டேன். இதுதான் இவர்கள் மாநிலம், இதற்குள் ஊரைத் தேடினால் ஆயிற்று என்று நினைப்பு.

சம்பந்தி வீட்டு வாசலில் ஏசி ரிப்பேர் வேன் நின்றது. பையனின் அப்பாவுக்கு அதுதான் தொழில். பையனின் அம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டு, "குஸ்க்ரா!" என்றார். என்னவென்று கேட்டேன். பையனின் அம்மா பெண்ணின் அம்மாவைக் கூப்பிடும் சொல் என்றார். அட, சம்பந்தி! ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் இல்லாமல் ஒரு வருஷமாகத் திண்டாடிக்கொண்டிருந்தோம். கையில் இருந்த பழத்தட்டைக் கொடுத்து, "சம்பந்தி," என்று நானும் சொல்லிக் காட்டினேன். கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது, ஆனால் வந்த வேலையை மறக்கவில்லை.

மெல்லிய மாவை அடுக்கடுக்காக வைத்து, நடுவில் பாலாடைக்கட்டி பரப்பிச் சுட்ட பிட்டா வந்தது. ஒரு துண்டு சாப்பிட்டு முடித்து, வரைபடத்தை மேஜையில் விரித்தேன்.

"இதுதானே உங்க மாநிலம்?"

பையனின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தக் கோட்டுக்குள்ள எங்க ஆளுங்களைவிட மத்தவங்கதான் ஜாஸ்தி," என்றார். என் பேனாவை வாங்கிப் புள்ளி புள்ளியாக வைத்தார். கிரீஸில் பிந்தோஸ் மலை நெடுக உச்சிக் கிராமங்கள். கீழே தெசாலி சமவெளி. அல்பேனியாவில் கோர்ச்சாவைச் சுற்றிச் சில. வட மாசிடோனியாவில் குருஷெவோ; அங்கே மட்டும் தங்கள் பேச்சுக்கு நகராட்சியில் ஆட்சி மொழி என்று இடம் உண்டு என்றார். பல்கேரியாவில் கொஞ்சம். ருமேனியாவில் கருங்கடல் பக்கம், பிற்பாடு குடியேறியவர்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தெறித்த மாதிரி இருந்தது. நான் வளைத்த கோட்டுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

"நாங்க ஆடு வெச்சிருந்தவங்க. கோடையில மேல, குளிர்ல கீழ. நான் பிறந்தது ஜனவரி. அதனால என் பேப்பர்ல லாரிசா. என் அக்கா பிறந்தது ஜூலை. அவ பேப்பர்ல சமரினா. ஒரே அப்பா அம்மா, ஒரே வீடு. கீழ இருந்தது குளிருக்கு ஒதுங்கின இடம். ஊர்னா சமரினாதான்."

"இதை அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கலாமே!" என்றேன். என் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.

"சொன்னா நீங்க சமரினா, கிரீஸ்னு போடுவீங்க," என்றார் அவர் மனைவி. அந்த அம்மா அல்பேனியாவில் பிறந்தவர்; அவருடைய அப்பாவுக்கு ஊர் அங்கே உள்ள மொஸ்கோபோலே. "கிரீஸ்னு போட்டா என் சித்தப்பா பசங்க, நம்மள கிரேக்கன்னு எழுதிட்டாங்கம்பாங்க. அரோமானியன்னு போட்டா இவரோட அண்ணன் பசங்க, நாங்க கிரேக்கருங்க, எங்களை ஏன் பிரிக்கறீங்கம்பாங்க. எங்க கல்யாணத்துல ரெண்டும் நடந்துச்சு. சாப்பாட்டு மேஜையிலயே."

பையனின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பையன் கல்யாணத்துல அது வேண்டாம். அதனாலதான் காலியா விடுங்கன்னேன்."

வில்லங்கம் இவ்வளவுதான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனுஷன் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. சண்டைக்குப் பயந்து தன் ஊரையே விட்டுக்கொடுக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலியாக விட்டுவிட்டுப் போக நான் டெக்சாசிலிருந்து பறந்து வரவில்லை.

"உங்க ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் புதுசாப் பாத்தா என்ன கேப்பீங்க?" என்றேன்.

"எந்த ஊர், யார் வீட்டுப் பையன்னு."

"பதில்ல நாட்டுப் பேர் வருமா?"

"வராது. ஊர் பேர் மட்டும்தான்."

போனை எடுத்து ப்ரூஃபைக் காட்டினேன். பெண் வீட்டார் பக்கத்தை வரி வரியாக விரலால் தொட்டு வாசித்தேன். "இது என் அப்பா ஊர். இது என் மாமனார் ஊர். இந்தியான்னு எங்கயாச்சும் இருக்கா? எங்க பத்திரிகையில நாடு போடற வழக்கமே இல்ல. லாரிசாவுக்குப் பின்னால கிரீஸ்னு சேத்தது நான்தான். உங்க பக்கமும் பையனோட ரெண்டு தாத்தாவுக்கும் அவங்கவங்க ஊர். அவ்வளவுதான். சண்டை போடறவங்க வேற எதையாச்சும் தேடிக்கட்டும்."

இரண்டு பேரும் தங்கள் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அந்த அம்மா, "எழுதுங்க," என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அச்சகத்துக்காரருக்கு அனுப்பினேன். சமரினா. மொஸ்கோபோலே. திருத்திய ப்ரூஃப் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். பையனின் அப்பா தமிழ் எழுத்தில் தன் ஊரைப் பெரிதாக்கிப் பார்த்தார். எது முதல் எழுத்து, எது கடைசி என்று கேட்டார். பிறகு, தனக்கு நாற்பது பத்திரிகை வேண்டும், அண்ணன் பிள்ளைகளுக்கும் மைத்துனன்மார்களுக்கும் தானே தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்.

பத்திரிகைக் கட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் விவரம் எல்லாம் போனில் சொல்லியிருந்தேன். "ம்ம்," என்றாரே தவிர, போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் காலையில் நான் ஆபீஸுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். ஃப்ரீவேயிலிருந்து இறங்கி ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினேன்.

"இன்னைக்குப் பன்னெண்டு வீடு முடிச்சிட்டேன் அம்மிணி. காலெல்லாம் வலி."

"ஊரைக் கேட்டாங்களாண்ணா?"

"கேக்காம இருப்பாங்களா? சமரினான்னு சொன்னேன். மேல் வீட்டு மாமா, அது எந்த நாட்டுலப்பான்னு இழுத்தாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொள்ளாச்சின்னு சொன்னா எவனாச்சும் எந்த நாடுன்னு கேக்கறானா? எங்க மாப்பிள்ளைக்கு மட்டும் எதுக்கு அந்தக் கேள்வின்னு கேட்டுட்டேன். தட்டைக் கையில வாங்கிக்கிட்டாரு," என்றார் அண்ணன்.

எங்க மாப்பிள்ளை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று இருந்தேன்.