சுத்தியல் இல்லாத ரிவால்வர்

ஒழிந்து போகட்டும்.

அந்தப் பழைய ரிவால்வருக்குக் குங்குமம் வைத்தபோது என் கணவன் கௌசிகனைப் பற்றி நான் நினைத்தது இதுதான். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கடல் தாண்டிக் குடியேறிய மவுண்ட் வெல்லிங்டனில், எங்கள் வீட்டில் நடந்தது.

நூறு வருடத்துக்கு முந்தைய துப்பாக்கி. மேலே உள்ள கொக்கியைத் தூக்கினால் குழல் முன்பக்கமாக மடங்கித் திறக்கும். அவன் சேகரிப்பில் புதிது. என்னிடம் சொல்லாமலே வாங்கியிருந்தான். குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலைச் சட்டப்படி கழற்றி, அதே நகரத்தின் மனுரேவா பகுதியில் நண்பர் சதாசிவம் வீட்டில் வைத்திருந்தான். அது இல்லாமல் சுட முடியாது.

ஆயுத பூஜை. லேப்டாப், கார் சாவி, மிக்ஸி. பக்கத்தில் அதையும் வைத்தான்.

"இதுவும் வேணுமா?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதம் வெக்காம? உன் மிக்ஸிதான் ஆயுதமா?"

குழல் வாயைச் சுற்றிக் குங்குமம் தடவினேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது. அதனால் அன்று அது துப்பாக்கிகளைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டிக்குப் போகவில்லை.

மாலை 6.40. வெளியே இன்னும் வெயில். கௌசிகன் சோபாவில் தூங்கினான். நான் சமையலறையில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

டக்.

போய்ப் பார்த்தேன். ரிவால்வர் மடங்கித் திறந்து கிடந்தது. குண்டு போடும் துளைகள் காலி. தொடப் பயமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

டக்...

இப்போது மூடியிருந்தது. குழல் சோபாவைப் பார்த்திருந்தது.

கௌசிகனை எழுப்பியிருக்கலாம். ஏன் எழுப்பவில்லை... தெரியவில்லை. மறுபடி சமையலறைக்குத்தான் போனேன்.

டிக்.

விசை இழுபடும் சத்தம்.

ஓடினேன்.

தூங்கிக்கொண்டுதான் இருந்தான். வலது நெற்றிப்பொட்டில் சிவப்பாக ஒரு வளையம்... நடுவில் வெறுமை.

குழல் வாயில் குங்குமம் இல்லை.

என் ஆள்காட்டி விரலை முகர்ந்தேன்.

துப்பாக்கி எண்ணெய்.

எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். "நீதானே வெச்ச? லூசு."

இரண்டு வாரம் கழித்து சதாசிவம் வாசலில் நின்றார். கையில் சின்னப் பொட்டலம்.

"தங்கச்சி, நாங்கள் வீடு மாறுறம். இதைக் கௌசிகனிட்டக் குடுங்கோ."

பொட்டலத்துக்குள் அந்தச் சுத்தியல்தான். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ரிவால்வரை முந்தி வச்சிருந்தவற்ற கதை தெரியும்தானே? சோபாவில நித்திரையா இருக்கேக்க... நெத்திப்பொட்டில. சுட்டது அவற்ற மனுசிதான். தனக்கு ஒண்டும் ஞாபகமில்லை எண்டவவாம்."

உள்ளே, பூட்டிய பெட்டிக்குள்...

டக்.

"பிடியுங்கோ, தங்கச்சி."

கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன்.

"வேண்டாம் அண்ணா," என்றேன் மெதுவாக. "இந்த வீட்டுல நான் இருக்கேன்."