போலீஸ் மாஃபி, யல்லா

போன சனிக்கிழமை ஒரு கார் ரேஸுக்குப் போயிருந்தேன். ஓடியவற்றில் ஒரு கார்கூட உருப்படியாக இல்லை. உருப்படியாக இருந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம்...

'பேங்கர் ரேஸ்' என்று பெயர். வருடாந்திர 'பாஸிங்' சோதனையில் தோற்ற ஓட்டை கார்களின் கண்ணாடி, லைட் எல்லாம் கழற்றி, டிரைவரைச் சுற்றி இரும்புக் கம்பி அடித்து, துபாய்க்கு வெளியே ஒரு மணல் மைதானத்தில் ஓடவிடுகிறார்கள். இடிக்கலாம், தள்ளலாம். டிரைவர் பக்கக் கதவை மட்டும் தொடக்கூடாது.

எனக்கு அங்கே என்ன வேலை? துபாய் அல் குசைஸில் என் எதிர் ஃப்ளாட் ஜெனிதா போட்டியில் இருந்தாள். கன்னியாகுமரி கடற்கரைப் பெண், நர்ஸ். எத்தனையாவது டெஸ்ட்டில் லைசென்ஸ் கிடைத்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். கிடைத்து என்ன பயன்? குடும்பக் காரின் சாவியைக் கணவர் ஆன்டோ தருவதே இல்லை. பயம் ஜாஸ்தியாம் இவளுக்கு.

ஊரோடு போய்விட்ட தோழியின் பழைய காரை ரேஸுக்குக் கொண்டுவந்தது முழுக்க வீம்புதான். ஓட்டி முடித்தால் சாவி உனக்கும் என்று ஆன்டோ வாக்குக் கொடுத்திருந்தார் — முடிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்.

கொடி அசைந்தது. முதல் வளைவிலேயே பின்னாலிருந்து டமாரென்று ஓர் இடி. ஜெனிதா என்ன செய்தாள் தெரியுமா? ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள்.

வேறென்ன செய்வாள்? இந்த ஊரில் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு கீறலைக்கூட கராஜில் தொடமாட்டார்கள். இடி வாங்கினால் ஒதுங்கி நின்று போலீஸுக்குக் காத்திருப்பது நம் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். என் பக்கத்தில் நின்ற ஆன்டோ தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான் என்பது என் சந்தேகம்.

ஓரத்தில் கொடியோடு நின்ற பெஷாவர்க்காரர் அவளைப் பார்த்துக் கத்தினார். "போலீஸ் மாஃபி! யல்லா, ஜல்தி!"

போலீஸ் இல்லையாம், சீக்கிரம் கிளம்பணுமாம். ரிப்போர்ட் இல்லை, ஃபைன் இல்லை, லைசென்ஸில் பிளாக் பாயின்ட் இல்லை. சூப்பர் மார்க்கெட் டிராலி உரசினாலே தூக்கம் கெடும் நமக்கு, இப்படி ஒரு நல்ல வார்த்தையை இதுவரை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

அப்புறம் பார்க்கணுமே அவளை... மற்றவர்கள் ஒருவரையொருவர் மோதிக்கொண்டு ஆங்காங்கே புகைந்து நின்றார்கள். இவள் இடுக்கில் நுழைந்தாள், இடித்தாள், வாங்கினாள், நிற்கவே இல்லை. கடைசிச் சுற்றில் முன்னால் ஒரே ஒரு கார். வளைவில் அதன் பின்மூலையில் ஒரு தட்டு. அது சுழன்று மணலில் சொருக, தாண்டிப்போகும்போது ஜன்னலில் கையை நீட்டி ஸாரி சொன்னாள் மகராசி. பழக்க தோஷம்!

முதலிடம். தொண்டை கிழியக் கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்ததையும் மறைக்கவில்லை.

நம் வீடுகளில் எத்தனை பயந்தாங்கொள்ளிகளை இப்படித்தான் தயார் செய்கிறோம்? சாவியை நம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, அவளுக்கு ஓட்டத் தெரியாது என்கிறோம்.

முகமெல்லாம் மணலோடு வந்தவள், கோப்பையை என்னிடம் தள்ளிவிட்டு ஆன்டோவிடம் கை நீட்டினாள்.

"சாவியத் தாங்க. வீட்டுக்கு நான் ஓட்டுதேன்."

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அல் குசைஸ் வரும்வரை பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்...

பக்கத்து சீட்டில் மனிதர், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.