வெள்ளை வளையம்

அவருக்கு வளையக்காரர் என்றுதான் பெயர். மழைக்காலத்தில் ஆறு கரை மீறிக் காட்டுக்குள் நுழைந்து, நாலு மாதம் அங்கேயே கிடக்கும். அந்த நாலு மாதமும் படகில் போய், வெட்ட வேண்டிய மரங்களுக்கு வெள்ளைப் பெயிண்டில் வளையம் போடுவது அவர் பிழைப்பு. தண்ணீர் வடிந்ததும் வெட்டுக்காரர்கள் வருவார்கள். இருபது வருஷத்தில் ஒரு மரம்கூடத் தப்பாக வெட்டுப்பட்டதில்லை.

பிறகு பறவைத் திட்டம் வந்தது. ஓர் அதிகாரியும் வந்தார். படகில் பாதி இடத்தை அவருடைய பெட்டிகளும் மீதியை அவருடைய பந்தாவும் அடைத்துக்கொண்டன. காட்டில் எத்தனை வகைப் பறவை என்று எண்ண வேண்டுமாம். மரங்கொத்தி, மீன்கொத்தி, பாம்புத்தாரா, நாரை என்று குரலை வைத்தே வளையக்காரர் சொல்லச் சொல்ல, அதிகாரி எழுதினார். எழுபத்திரண்டு வகை. அறிக்கையில் அதிகாரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. 'உள்ளூர் உதவியாளர் ஒருவர்' என்று இவரும் ஓரமாக இருந்தார். வளையக்காரருக்கு அதில் வருத்தமில்லை. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

அவர் நினைப்பெல்லாம் இருவாட்சிப் பறவைமேல் இருந்தது. பெரிய மரப்பொந்தில்தான் அது கூடு வைக்கும். பெட்டை உள்ளே போய் உட்கார்ந்து, மூக்கு நீட்ட ஒரு கீறல் மட்டும் விட்டு வாசலைப் பூசி அடைத்துவிடும். ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பொந்து மரம் போனால் இருவாட்சியும் போச்சு.

"இத்தனை வருஷம் வெட்டுறதுக்குக் குறி போட்ட கை. கொஞ்சம் காப்பாத்திட்டும் போகட்டுமே" என்றார் மனைவியிடம்.

"காப்பாத்துங்க, யாரு வேணாம்னா? முதல்ல ஈரத்துணியை மாத்துங்க" என்றாள் அவள்.

காப்பாற்ற வேண்டிய பொந்து மரங்களுக்குச் சிவப்பு வளையம் என்று முடிவானது. அறுபது மரம் முடிந்ததும் சிவப்புப் பெயிண்ட் தீர்ந்துபோனது. உள்காட்டில் இன்னும் பத்தொன்பது பாக்கி. தண்ணீரோ வடிய ஆரம்பித்திருந்தது. ஒரு வாரம் போனால் படகு நுழையாது. அலுவலகத்திலிருந்த அதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், வெள்ளைதான் இருக்கு. ஆனா வெள்ளைன்னா வெட்டுற மரம்னு ஆயிடும்."

"எந்தக் கலரா இருந்தா என்னய்யா? குறி இருக்கணும், போட்டோ எடுக்கணும். அந்தப் பக்கம் வெட்டக் கூடாதுன்னு கான்ட்ராக்டருக்கு நான் லெட்டர் போட்டுடறேன்."

"மறந்துடாதீங்க சார்."

"எனக்கே ஞாபகப்படுத்துறியா?"

பத்தொன்பது மரத்துக்கும் வெள்ளை வளையம் போட்டார். அதிகாரி போட்டோக்களை மேலிடத்துக்கு அனுப்பினார், பாராட்டு வாங்கினார், மாற்றலாகிப் போனார். கடிதத்தை மட்டும் போடவில்லை.

தண்ணீர் வடிந்தது. மகள் பிரசவத்துக்குப் போய் இரண்டு வாரம் தங்கிவிட்டுத் திரும்பிய வளையக்காரர், மறுநாள் காலையே பொந்துகளைப் பார்க்கக் கிளம்பினார். உள்காட்டில் ரம்பச் சத்தம் கேட்டதும் விழுந்தடித்து ஓடினார். போய்ச் சேர்வதற்குள் மரம் சாய்ந்துவிட்டது. வாசல் பூச்சு உடைந்து, பெட்டை இருவாட்சி வெளியே விழுந்து கிடந்தது. அடைந்திருக்கும் காலத்தில் அதற்குச் சிறகு இறகெல்லாம் உதிர்ந்துவிடும். பறக்க முடியாமல் சேற்றில் தத்தித் தத்திப் போனது. பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். முட்டைகள் உடைந்து கையெல்லாம் பிசுபிசுத்தது.

"பாவிகளா, யாரைக் கேட்டுடா வெட்டுனீங்க?"

வெட்டுக்கூட்டத்தின் மேஸ்திரி ஓடிவந்தான். நெடுநாள் பழக்கம். "என்ன மாமா, நீங்க போட்ட வளையம்தானே? வெட்டுற லிஸ்ட்ல இந்த மரமெல்லாம் இல்லைன்னு பசங்க சொன்னாங்க. மாமா கை தப்பாது, லிஸ்ட்தான் தப்பா இருக்கும், வெட்டுங்கடான்னு நான்தான் சொன்னேன்."

வளையக்காரர் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். அதிகாரியைத் திட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"மீதி பதினெட்டையாவது விட்டுடுங்கடா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டான்.

"போன வாரமே ஆரம்பிச்சுட்டோம் மாமா. இதுதான் கடைசி."