மத்தளையில் இறங்கிய வாப்பா

சென்ற வாரம் கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்காவில் இறங்குவதற்காக டிக்கட் எடுத்து, நாட்டின் தெற்கே மத்தளையில் இறங்கினேன். கோபத்தோடுதான் இறங்கினேன். இப்போது அந்தக் கோபம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

டோஹாவில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. நாற்பது நாள் முடியும்வரை கூட இருந்துவிட்டு நானும் இவரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். இவர் என்றால் என் கணவர். உட்கார்ந்த இடத்தில் தூங்குபவர் — வழக்கமாக இந்தப் பத்திரிகைப் பத்தியை வாசிப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

விடிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று வெயில். மேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கீழே பார்த்தால், அரிசி மாவைக் கொட்டிப் பரத்தி வைத்ததுபோல் ஒரே வெள்ளை. விமானம் இறங்குகிறது, இறங்குகிறது என்று பார்த்தால்... இறங்கவில்லை. ஒரு பக்கம் சரிந்து திரும்பியது. கொஞ்சத் தூரம் நேரே போனது. மறுபடியும் சரிந்து திரும்பியது.

"என்ன டீச்சர், கிறுகிக்கிட்டே நிக்கிது?"

கேட்டவர் சலீம். கிழக்குக் கரையில் சாய்ந்தமருதுக்காரர், கட்டாரில் பார வாகனம் ஓட்டுகிறவர். ஜன்னல் பக்கம் நான், வழிப்பக்கம் அவர், நடுவில் தூக்கத்தில் இவர். இவருக்கு மேலாகவே இரவு முழுவதும் கதைத்துக்கொண்டு வந்ததில், சலீமின் குடும்பக் கதை முழுவதும் எனக்குத் தெரிந்திருந்தது. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய ஒரே மகள் ஷிபானாவுக்கு நிக்காஹ். லீவு கடைசி நேரத்தில்தான் கிடைத்ததாம். காலையில் இறங்கி, வேனில் ஏறி, நேரே கல்யாண வீடு. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை... பனியைத் தவிர!

விமானி அறிவித்தார். ஓடுபாதையை மூடுபனி மூடியிருக்கிறது. இறங்குவதற்குப் போதுமான தூரம் பாதை தெரியவில்லை. கலையும்வரை வட்டமிட்டுக் காத்திருப்போம்.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பின் சீட்டிலிருந்து ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "பனிக்குள்ள நுவரெலியா மலைக்கு பஸ் ஓட்டுறவன் லைட்டப் போட்டு, ஹோர்ன அடிச்சிட்டுப் போறான். இவருக்கு ஏலாதா?"

விமானத்தில் ஹோர்ன் அடித்தால் யார் விலகுவது? அதை அவரிடம் கேட்க முடியுமா!

பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். இதற்கு ஹோல்டிங் என்று பெயராம். இறங்க முடியாத விமானங்களை வெவ்வேறு உயரத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சுற்றவிடுவார்களாம். எங்களுக்குக் கீழே ஒன்று சுற்றுகிறது, மேலே இன்னொன்று சுற்றுகிறது என்று அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னது. நான் சீட் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

"எவ்வளவு நேரத்துக்குச் சுற்றுவாங்க?"

அதை முடிவு செய்வது எரிபொருளாம். வேறொரு விமான நிலையத்துக்குப் போய்ச் சேரத் தேவையான அளவை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். மீதியில்தான் இந்தச் சுற்றெல்லாம். மீதி முடியும்போது பனியும் முடிந்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் திசை திருப்ப வேண்டியதுதான்.

நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில்லாத குளிர்ந்த இரவுக்குப் பிறகு நிலத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும் மெல்லிய பனி அது. ஒரு தென்னை மர உயரம்கூட இருக்காது என்று பட்டது. அதற்கு மேலே அத்தனை வெயில்! சலீம் தஸ்பீஹ் மணியை உருட்ட ஆரம்பித்திருந்தார்.

கடைசியில் மீதி முடிந்தது. மத்தளைக்குப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. இவர் அப்போதுதான் கண் விழித்து, "கட்டுநாயக்கா வந்திட்டா?" என்று கேட்டார்.

மத்தளையில் தரை தொட்டதும் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் கத்தியது. சலீம் முதலில் எடுத்தது மூத்த சகோதரருக்கு. எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரரைக் காக்கா என்போம். ஸ்பீக்கரில் போட்டதால் மூன்று வரிசைக்குக் கேட்டது.

"எங்கடா நிக்கிறாய்?"

"மத்தளையில, காக்கா."

"மத்தளையா? அங்க உனக்கு என்னடா வேல?"

காக்கா நின்றது கட்டுநாயக்காவில். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் எங்கள் ஊரில் வேன் பிடிப்பார்கள். சீட் எத்தனை உண்டோ அத்தனை பேரும் போவார்கள். அவர்களைக் காத்திருக்கவிட்டு வந்தவர் வேறு வழியில் வீட்டுக்குப் போனால், அது பெரிய அவமரியாதை. கல்யாண நாளிலும் வேன் நிரம்பித்தான் போயிருந்தது.

அதில்தான் சிக்கல். நிக்காஹ்வில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் அவளுடைய தகப்பன், வாப்பா. அவர் வர முடியாமல் போனால் காக்கா கொடுப்பார் என்று பேசி வைத்திருந்தார்கள். அந்தக் காக்காவும் வேனில் ஏறிவிட்டார்! பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் மத்தளையில், அவருக்குப் பதிலாள் கட்டுநாயக்காவில். கல்யாணமோ சாய்ந்தமருதில். பிற்போடலாம் என்றால், பொழுதுபட்டதும் மஃரிபுக்கு அட்டாளைச்சேனையில் இன்னொரு நிக்காஹ்வுக்குப் போக வேண்டும் என்று மௌலவி சொல்லிவிட்டாராம்.

பனி கலைந்தால் திரும்பிப் பறக்கலாம் என்று விமானத்துக்கு உள்ளேயே வெகு நேரம் இருந்தோம். பிறகு அடுத்த அறிவிப்பு. விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டது. எல்லோரும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், பஸ்ஸில் கட்டுநாயக்காவுக்கு அனுப்பி வைப்பார்கள்.

சலீம் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே பஸ் வரிசையில் போய் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அந்த பஸ்ல ஏறினா ராவைக்குத்தான் ஊர். இஞ்ச இருந்து வெல்லவாய, மொனராகலை, அம்பாறை. கட்டுநாயக்காவ விட இதுதான் உங்கட ஊட்டுக்குக் கிட்ட. நாங்களும் அந்தப் பக்கந்தான், வேன் புடிக்கிறம், எங்களோட வாங்க."

அவர் திகைத்துப் போனார். இரவு முழுவதும் சவூதி, கட்டார் பாதைகளைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்த மனிதர். சொந்த ஊருக்குப் போகும் வழி மனதில் வரவில்லை. கட்டுநாயக்காவில் வேன் நிற்கிறதே, அது மட்டும்தான் மனதில் இருந்தது.

"காக்கா காத்துக்கிட்டு நிக்கிறாரு டீச்சர்..."

மறுபடியும் போன். காக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேன் நிறைய ஆள் வந்து நிக்கிறம். நீ அங்காலயே போகப் போறியா? ஊராக்கள் என்ன கதைப்பாங்க? மௌலவிக்கிட்ட போன்ல பொறுப்புக் குடு. அவர் நிக்காஹ்வ முடிச்சி வைப்பாரு. நீ பஸ்ல இஞ்ச வா, எல்லாரும் ஒண்டாப் போவம்."

அதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு. நானும் அதைச் சொன்னேன்.

சலீம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார். என்னிடம் சொன்னாரா, காக்காவிடம் சொன்னாரா தெரியாது.

"மகள் பொறக்கக்குள்ள நான் சவூதியில. ஸ்கூலுக்குச் சேர்க்கக்குள்ள கட்டார்ல. ஓஎல் சோதின ரிசல்ட்டையும் வட்ஸ்அப்லதான் பார்த்த. ஒரே ஒரு வேல எனக்கெண்டு மிச்சமா இரிக்கி. அதயும் போன்லயா செய்யச் சொல்றீங்க?"

நான் அவருடைய பெட்டியை வரிசையிலிருந்து வெளியே இழுத்தேன்.

"சரிடா, நீ போ," என்றார் காக்கா. "போய் கையப் புடிச்சிக் குடு. நாங்க பொறகால வாறம்."

இவர் தூக்கம் கலைந்தால் காரியக்காரர். சிங்களத்தில் பேசி வேன் ஒன்றைப் பிடித்துவிட்டார். புத்தலை தாண்டியதும் பாதையோரம் யானை ஒன்று. டிரைவர் வேனை நிறுத்திவிட்டார். அது நகரும்வரை இருந்தோம். நிலத்திலும் ஹோல்டிங்! சலீம் மட்டும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்மாந்துறையில் அஸருக்கு பாங்கு சொன்னது. கல்யாண வீட்டு வாசலில் வேன் நின்றபோது மௌலவி எழுந்து நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலீம் முகம் கை கால் கழுவி, கசங்கிய அதே சேர்ட்டோடு போய் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார்.

என்னை உள்ளே பெண்கள் இருந்த அறைக்குக் கூட்டிப் போனார்கள். மைக்கில் எல்லாம் கேட்டது. மௌலவி சொல்லிக் கொடுக்க, சலீம் திருப்பிச் சொன்னார். மகளின் பெயர் வந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. மௌலவி அவசரப்படுத்தவில்லை. மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். காக்காவின் வேன் அப்போது மகியங்கனையைத்தான் தாண்டியிருந்தது. அங்கிருந்தும் போனில் கேட்டுக்கொண்டு வந்தார்களாம்.

பனியை, விமானியை, விமான நிலையத்தை எல்லாம் நான் காலையில் திட்டித் தீர்த்திருந்தேன். அந்தப் பனி நேரத்தோடு கலைந்திருந்தால் சலீம் வேன் நிறைய ஆட்களோடு ஊர்வலமாக வந்திருப்பார். நாங்கள் மத்தளையில் காத்திருந்தபோது கலைந்திருந்தால், மத்தளையிலிருந்து மறுபடியும் கட்டுநாயக்காவுக்குப் பறந்து நிக்காஹ்வைத் தவறவிட்டிருப்பார். நமக்கு எது தடை, எது உதவி என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரிகிறது?

சலீம் உள்ளே வந்தார். ஷிபானா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தோம். அழவில்லை.

"எப்ப திரும்பிப் போறீங்க, வாப்பா?"

வந்து இறங்கியவரிடம் கேட்கிற முதல் கேள்வியா இது? எங்கள் ஊரில் அநேக வீடுகளில் இதுதான் முதல் கேள்வி.

சலீம் மகளின் தலையில் கையை வைத்து துஆ ஓத ஆரம்பித்தார். நீளமான துஆ. முடிந்தபோது நாங்கள் எல்லோரும் ஆமீன் சொன்னோம். அவள் மட்டும் சொல்லவில்லை... பதிலுக்குக் காத்திருந்தாள்.