தியேட்டர் சிஸ்டரின் கப்பல்

நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதி நூலைத் தேன்மெழுகுக் கட்டியின் மேல் மூன்று தடவை இழுக்கிறார். பிசிறு படிய வேண்டும். நாலாவது தடவை இழுத்தால் மெழுகு கூடிப்போய் முடிச்சு வழுக்கும். அந்த நேரத்தில் யார் வந்து எதைக் கேட்டாலும் பதில் "ம்"தான். தபால்காரர், மாடியில் குடியிருக்கும் நான், தொலைபேசியில் மகள், எல்லோருக்கும் அதே "ம்".

எங்கள் குடியிருப்பில் அவருக்குத் தியேட்டர் சிஸ்டர் என்று பெயர். புதிதாகக் குடிவருகிறவர்கள் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். "ஆமா, நம்ம தியேட்டர்ல உள்ள வந்ததுமே தூங்க வச்சிடுவோம்" என்பார், சிரிக்காமல். முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர். ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது.

சாப்பாட்டு மேசையில் பாதி இடத்தை ஒரு மரக்கப்பல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிக நீளம், மூன்று பாய்மரங்கள். பழைய மாலுமிகள் நிஜக் கப்பலில் கட்டிய வரிசையிலேயே இவரும் கயிறு கட்டுகிறார். முதலில் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கறுப்புக் கயிறுகள். இடப்பக்கம் ஒன்று கட்டினால் அடுத்தது வலப்பக்கம். இல்லாவிட்டால் மரம் சாய்ந்துவிடும். "ரெண்டு மருமக இருக்கிற வீடு மாதிரி தம்பி. ஒரு பக்கமே இழுத்தா போச்சு." பிறகு அந்தக் கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் மேலே ஏறுவதற்கான நூலேணி. கோடு போட்ட நோட்டுத் தாளைப் பின்னால் செருகிவைத்து, கோட்டுக்கு ஒரு படி. படிக்கு ஐந்து முடிச்சு. நூல் தொய்யாமலிருக்க, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஆஸ்பத்திரி இடுக்கி ஒன்று அதன் நுனியில் தொங்குகிறது.

கப்பல் அவருடையதல்ல, கணவருடையது. நில அளவைத் துறையில் இருந்தவர். நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தை அளந்துவிட்டு, மாலையில் வந்து கப்பலை அளப்பார். மெல்லிய பலகைகளை ஒட்டி உடம்பைச் செய்ய நாலு வருடம். கயிறு கட்ட மூன்று வருடம்.

"ஒரு தடவை என்கிட்ட கேட்டார்" என்றார் சிஸ்டர். "'உன் முடிச்சு அவிழவே அவிழாதாமே, ஒண்ணு போட்டுக் காட்டேன்'னு. நாள் பூரா அங்கயும் நூலு, வீட்டுக்கு வந்தா இங்கயும் நூலான்னு எரிஞ்சு விழுந்தேன். அப்புறம் அவர் கேக்கவே இல்ல."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கை குடும்பம் விருந்துக்கு வருவதாக இருந்தது. கணவர் கடைக்குப் போயிருந்தார். சிஸ்டர் மேசையைக் காலிசெய்ய, கப்பலைத் தூக்கி அலமாரியின் தலையில் வைக்கப் போனார். அலமாரியின் கைப்பிடியில் கயிறுகள் மாட்டிக்கொண்டன. இழுத்ததில் நடுப்பாய்மரம் சாய்ந்து, எல்லாம் சிக்கிக்கொண்டது.

"மரம் உடையல தம்பி. அதைச் சொல்லணும். ஒரு மணி நேரம் உக்காந்தா பிரிச்சிருக்கலாம். அடுப்புல வேலை கிடக்கு, ஆளுங்க வந்துடுவாங்க. எனக்குப் பொறுமையில்ல. கத்தரிக்கோலை எடுத்தேன். ஒண்ணு விடாம வெட்டி எடுத்துட்டேன்." நூல் நுனியில் தொங்கிய இடுக்கியைச் சரிசெய்தார். "தியேட்டர்ல டாக்டர் 'கட்'னு சொல்லாம ஒரு நூலை வெட்டினதில்ல. முப்பத்தொரு வருஷத்துல ஒரு நூல்கூட. இங்க யாரையும் கேக்கக்கூட இல்ல."

கணவர் திரும்பி வந்து, அலமாரி மேல் மொட்டையாக நின்ற கப்பலைப் பார்த்திருக்கிறார். "சரி, விடு. சமையல் ஆச்சா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"திட்டியிருந்தா அன்னிக்கே தீர்ந்திருக்கும்" என்றார் சிஸ்டர்.

அதன்பிறகு கணவர் கப்பலைத் தொடவில்லை. சிஸ்டர் மறுபடி கட்டச்சொல்லிக் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்பார். ஆறு வருடம் அப்படியே போனது. பிறகு கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்கியது. சிஸ்டர் ஓய்வுபெற்று, கணவர் எழுதிவைத்த குறிப்புகளைத் தேடியெடுத்து, முதல் கயிற்றைக் கட்டியபோது அவருக்கு வெளிச்சம், இருட்டு மட்டுமே தெரிந்தது.

அவர் ஜன்னலோரம் வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். மேசையில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும், கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை.

போன வாரம் நான் இருந்தபோதுதான் அது நடந்தது. வானொலியை அணைத்துவிட்டு, சுவரைத் தடவியபடி மேசைக்கு வந்தார். "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்றார்.

சிஸ்டர் அவர் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை நூலேணியின் கீழ்ப்படியில் வைத்தார். விரல் ஒவ்வொரு படியாகத் தடவி மேலே போனது. ஒன்பதாவது படியில் நின்றது. அதற்கு மேல் நெடுக்குக் கயிறுகள்தான்.

"இதுக்கு மேல?" விரல் சற்று மேலே நகர்ந்து நின்றது.

"இன்னும் கட்டலீங்க."

"நான் கட்டினப்போ பதினாலு படி வந்துச்சு."

"தெரியும்."

அவர் விரலை எடுக்கவில்லை. பத்தாவது படியின் முதல் முடிச்சு விழவேண்டிய இடத்தில்தான் அந்த விரல் இருந்தது. ஊசியில் நூல் கோத்துத் தயாராக இருந்தது. சிஸ்டர் அவரை நகரச் சொல்லவில்லை. ஊசியை உயர்த்திப் பிடித்தபடி, அவராக எடுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.