வேப்பமரத்தடியில் கொடுக்காத பீடி

அண்ணனின் பீடிக்கட்டை ஒளித்துவைத்தது நான்தான்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவன் வெடிமருந்து செலுத்தும் அறையிலும் நான் பேக்கிங்கிலும் இருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தீபாவளி சீசன். வருஷம் தெரியும், எழுதப் பிடிக்கவில்லை. கேட்டுக்குள் பீடி, தீப்பெட்டி போகக் கூடாது. அதனால் பழக்கம் உள்ளவர்கள் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் எதிரே வேப்பமரத்தடியில் நின்று ஆளுக்கு மூன்று பீடி குடிப்பார்கள், ஒன்றின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைத்து. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்க வேண்டுமே. மிச்சத்தை வாட்ச்மேனின் தகர டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள்.

அண்ணனுக்கு இருமல் முற்றியிருந்தது. "கொழுந்தனாரே, எப்படியாவது நிறுத்துங்க" என்று மதினி அழுதாள். சொல்லிக் கேட்கிற ஆளா அவன்? ஒரு காலையில் அவன் பீடிக்கட்டை எடுத்து என் துணிப்பெட்டிக்குள் போட்டுவிட்டேன். வேனில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்: "அண்ணனுக்கு யாரும் ஓசி குடுக்காதீக."

அவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. மரத்தடியில் ஒருவன், "என்ன மாப்ள, இன்னைக்கு விரதமா?" என்று அவன் முகத்தில் புகையை ஊதினான். அண்ணன் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஏலே, வெளையாடாத. ஒண்ணு வாங்கிக் குடுலே. கை நிக்க மாட்டேங்குது."

"ஒரு நா இருந்துதான் பாரேண்ணே."

மணி அடித்தார்கள். உள்ளே போனான்.

பத்து மணி வாக்கில் அந்த அறை வெடித்தது. நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேரை உட்கார வைத்திருந்தான் கம்பெனிக்காரன். அதை இன்றுவரை எல்லோரிடமும் சத்தம்போட்டுச் சொல்கிறேன். வேப்பமரத்தடியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. 'உராய்வு' என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். உராய்வு தானாக வருமா? ஏதோ ஒரு கை உரசித்தான் வரும். எந்தக் கை?

அண்ணன் காரியம் முடிந்த அன்று துணிப்பெட்டியைத் திறந்தேன். அதுவரை நான் பீடியைத் தொட்டதில்லை. அந்தக் கட்டு முழுவதையும் நானே குடித்தேன். அப்புறம் விட முடியவில்லை.

சில வருஷம் கழித்து, இருமலுக்காக விருதுநகரில் ஒரு டாக்டரிடம் போனேன். துண்டுச்சீட்டில் படம் போட்டுக் காட்டினார்.

"மூளையில ஏற்பின்னு இருக்கு, கதவு மாதிரி. உடம்புல ஊறுற ஒரு ரசாயனம்தான் அதைத் திறக்கணும். பீடியில இருக்குற நிகோட்டின் கள்ளச்சாவி போட்டுத் திறந்துரும். திறந்தா டோபமின்னு சந்தோஷம் குடுக்குற ரசாயனம் கொட்டும். அந்த ருசியை மூளை மறக்காது. தினம் குடிச்சா கதவெல்லாம் மரத்துப்போகும். மூளை புதுசு புதுசாக் கதவு வைக்கும். காலையில எந்திரிக்கிறப்ப நிகோட்டின் இருக்காது. அம்புட்டுக் கதவும் கேக்கும். குடுக்கலைன்னா டோபமின் இறங்கிரும். எரிச்சல் வரும், கவனம் நிக்காது."

அப்படி ஒரு மூளையோடுதான் அன்றைக்கு அவனை வெடிமருந்துக்கு முன்னால் உட்கார அனுப்பியிருக்கிறேன்.

"கை நடுங்குமா டாக்டர்?"

"சிலருக்கு நடுங்கும். உங்களுக்கு நடுங்குதா? நீட்டுங்க பாப்போம்."

நீட்டினேன். ஆடவே இல்லை. வருவதற்கு முன் பஸ் ஸ்டாண்டில் மூன்று பீடி குடித்திருந்தேன், ஒன்றின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைத்து.